விசாரம்

பல்லார்டு எஸ்டேட்டில் மூன்றாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஜூலை.
ஏசிக்குக் கீழே ஒரு வாளி.
அதில் சொட்டுகிற சத்தம்
இப்போதெல்லாம் யார் காதிலும் விழுவதில்லை.

நீ வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னேன்:
சந்தேகம் வந்தால் தயங்காமல் கேள்.
சொல்லிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் என் மேசை வரை வந்தாய்.
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்
ஒரு விரலை உயர்த்தினேன்,
ஒரு நிமிஷம் என்ற அர்த்தத்தில்.
அந்த நிமிஷம் எப்போது முடிந்தது
எனக்குத் தெரியாது.
ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு போனாய்,
அதற்காகவே வந்தவள் போல.

பிராஜக்தா,
அதன்பிறகு ஒன்பது நாள்
நான் தாள்களை குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தேன்.
நீ ஒன்பது நாளும்
ஆறரை மணி பன்வேல் வண்டியை விட்டாய்.
கழிவறையில் கதவைத் தாழிட்டு
மொத்த எடை, நிகர எடை என்று
போனில் தேடினாய்.
வாட்ஸாப்பில் எனக்கு ஒரு கேள்வி எழுதி
நான்கு முறை அழித்தாய்.
‘டைப்பிங்’ என்று வந்து வந்து மறைந்ததை
நானும் பார்த்தேன்.
வண்டியில் நெரிசலாக இருக்கும் என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் நவ சேவாவிலிருந்து போன்.
அட்டைப்பெட்டியின் எடையும்
பேரீச்சம்பழத்தின் கணக்கில் ஏறிவிட்டது.
தாளில் ஒன்று, தராசில் ஒன்று.
கன்டெய்னர் நிற்கிறது,
வாடகை ஓடுகிறது.

கேட்டிருக்கலாமே என்றார் மிராண்டா சார்.
கேட்டிருக்கலாமே என்றார் கணக்குப் பிரிவு இக்பால்பாய்.
நானும் சொன்னேன்.
எல்லாம் முடிந்த பிறகு
இந்தி, மராத்தி, தமிழ் மூன்றிலும்
எவ்வளவு சரளமாக வருகிறது
இந்த ஒரு வாக்கியம்.
நீ அழவில்லை.
அதே தாளை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தாய்,
எழுத்து மாறிவிடும் என்பது போல.

உன் மொழியில் விச்சார் என்றால் கேள்.
என் மொழியில் விசாரம் என்றால் கவலை.
ஒன்பது நாள் உன்னை
என் மொழியில் தனியாக விட்டிருக்கிறேன்.

இனி இதைச் சொல்லியாக வேண்டும்:
பதினோரு வருஷமாக
இரண்டு பட்டியலை ஒத்துப் பார்க்க
பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து,
வரி வரியாக இறங்குகிறவள் நான்.
எக்செல்லில் ஒரே சூத்திரத்தில் முடியுமாம்.
அது எல்லோருக்கும் தெரியும்.
எனக்குத் தெரியாது என்பது
யாருக்கும் தெரியாது.
அதை மறைக்கத்தான் சீக்கிரம் வருகிறேன்,
அதைச் சுறுசுறுப்பு என்று பாராட்டி
ஒருமுறை சுவர்க்கடிகாரம்கூடக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை எழுந்து நின்றேன்.
பதினெட்டு பேர்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
இந்த வயதில், இந்தப் பதவியில்
இப்படி இருக்குமென்றால்
இருபத்திரண்டில் எப்படி இருந்திருக்கும்.
‘பிராஜக்தா, இது எனக்குத் தெரியாது.
சொல்லித் தருகிறாயா?’

வாளியில் தண்ணீர் சொட்டுவது
எல்லோருக்கும் கேட்டது.

நீ வந்தாய்.
ஒரு காற்புள்ளியைத் திருத்தினாய்.
நான்கு நிமிஷம்.
பின்னாலிருந்து இக்பால்பாய் குரல்,
தொண்டையைச் செருமிக்கொண்டு:
‘அதையே எனக்கும் ஒருதரம்.’

இன்று மதியம்
மறுபடி என் மேசைக்கு வந்தாய்.
பழக்கதோஷம், விரல் தானாக எழுந்துவிட்டது.
நீ போகவில்லை.
விரலைப் பார்த்தபடி நின்றாய்.
மடக்கினேன். ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.
ஸ்டேப்ளரைத் திருப்பித் தருவாய் என்று நினைத்தேன்.
இல்லை, ஒரு தாள்.
மூன்றாவது கட்டத்தில் உன் நகம்.
‘இது புரியவில்லை.’

குனிந்து பார்த்தேன்.
எனக்கும் உடனே புரியவில்லை.
பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.